பதினோரு பேருக்கு ஒரே சீப்பு

பதினோரு பேர் சீப்பைக் கண்டால் நடுங்குகிறார்கள் என்பதை எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது.

அதற்கு முன்னால் அந்த மாதிரி வேலையையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது நான். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சரிபார்ப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறை. போரிலிருந்து திரும்பியவருக்கு உடம்பில் காயம் என்றால் டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார். மனத்தில் காயம் என்றால் விண்ணப்பம் என் மேஜைக்கு வரும். பி.டி.எஸ்.டி. என்று டாக்டர்கள் சொல்வதை நாங்கள் 'மனவடு' என்போம். மனவடு உண்மையாக இருந்தால் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும். பொய்யாக இருந்தால் நான் கிடைப்பேன்.

பத்தொன்பது வருடமாக இதே வேலை. அலுவலகத்தில் எனக்கு 'மோப்பம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். வீட்டுக்காரர் தலைவலி என்றால்கூட, எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்று என் வாயில் தானாக வந்துவிடும். "சாட்சிக்கு ஆள் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவரே போய் மாத்திரையை எடுத்துக்கொள்வார்.

பொய்யர்களை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொய் சொல்பவர்கள் சத்தம் போடுவார்கள். குண்டு, ரத்தம், அலறல் எல்லாம் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். உண்மையாக அவதிப்படுகிறவர்கள் எழுதுவது சப்பென்று இருக்கும். 'பால் பொங்கி வழியும்போது அடுப்பை அணைக்கக் கை போவதில்லை, நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குமேல் ஒரு வரி இல்லை. மறு பேச்சில்லாமல் 'உண்மை' என்று குறிப்பெழுதி, உத்தரவு போடும் வாரியத்துக்கு அனுப்பினேன்.

அந்தப் புதன்கிழமை காலை மேலாளர் கூப்பிட்டார். எந்தக் காகிதமானாலும் தானே முத்திரை குத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதனால் அவர் பெயர் முத்திரை. மேஜைமேல் பதினோரு கோப்புகளைக் கடை பரப்பியிருந்தார்.

"பாத்தீங்களாம்மா? ஈயடிச்சான் காப்பி! ஒரு கமாகூட மாறலை."

வாங்கிப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே பத்தி. 'முடி ஒட்டிய சீப்பைக் கண்டால் கை நடுங்குகிறது. வீட்டில் சீப்பு வைத்துக்கொள்ள முடிவதில்லை. வெளியே கிளம்புமுன், வீட்டில் உள்ள எல்லாருடைய சட்டைப் பைகளையும் துழாவிக் காலி செய்கிறேன். கயிறு கட்டிய பார்சலை யாராவது நீட்டினால், வாங்க முடிவதில்லை, தரையில் வைக்கச் சொல்கிறேன்.'

பதினாலாவது கட்டம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. 'இந்த நிலைக்குக் காரணமாக நீங்கள் நேரில் கண்ட நிகழ்ச்சி' என்பது அந்தக் கட்டம். ஒருவர் கண்ணிவெடியைக் கண்டிருந்தார். ஒருவர் பாலம் இடிந்ததைக் கண்டிருந்தார். எதைக் கண்டாலும் கடைசியில் எல்லாருமே சீப்பில் வந்து முடிந்திருந்தார்கள்.

"எட்டுப் பேருக்கு உத்தரவே ஆகிப் பணம் போயிட்டிருக்கு" என்றார் முத்திரை. "அதுல நாலு, நீங்க 'உண்மை'ன்னு எழுதினது."

"ஆமா சார்."

"மோப்..." என்று ஆரம்பித்து, இருமி, தண்ணீர் குடித்தார்.

எனக்குக் காது சூடேறிவிட்டது. நாலு கோப்பும் ஞாபகம் இருந்தது. இரண்டு மூன்று வருட இடைவெளியில் தனித்தனியாக வந்தவை. அப்போதெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வழக்கம் இல்லை, காகிதத்தைப் படித்தே முடிவு செய்வோம். ஒவ்வொரு முறையும் அந்தச் சீப்பைப் படித்துவிட்டு, இது கற்பனை பண்ணி எழுதக்கூடியதல்ல என்று எனக்கே சபாஷ் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"திங்கக்கிழமை அறிக்கை வேணும்" என்றார் முத்திரை. "எழுதிக் குடுத்தவன் ஒருத்தன்தான் இருக்கணும். அவன் யாருன்னு பாருங்க. அறிக்கையில அவன் பேரு பதிவாயிட்டா, ஆயுசுக்கும் அவன் பேர்ல இந்த ஆபீஸ்ல ஒரு விண்ணப்பம் ஏறாது."

அது எங்கள் விதிகளில் இருபத்திரண்டாவது. பொய் விண்ணப்பத்துக்குத் துணை போனவர் என்று பதிவான நிமிஷத்திலிருந்து, அந்த ஆள் தனக்காகவும் எதுவும் கேட்க முடியாது.

முதலில் போனது, டாங்கி ஓட்டிய ஒருவர் வீட்டுக்கு. இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டே கதவைத் திறந்தார். நான் அடையாள அட்டையைக் காட்டியதும் சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உட்காரச் சொன்னார்.

"சீப்பைப் பாத்தா உங்களுக்கு என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"ஐயோ, அதை ஏன் மேடம் கேக்குறீங்க. பாக்கவே முடியாது." நெஞ்சில் கை வைத்தார். சீப்பின்மேல்தான் வைத்தார்.

அடுத்தவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. ஜன்னல் வெளிச்சம் அவர் தலையில் விழுந்து கூரையில் வட்டம் போட்டது. சீப்பைப் பற்றிக் கேட்டதும் திருதிருவென்று விழித்தார்.

"சீப்பா? எந்தச் சீப்பு?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "அதாங்க, நீங்க பயப்படுவீங்களே, அந்தச் சீப்பு!"

"ஆமாமா" என்றார் அவர். "பயப்படுவேன்."

இப்படியே பதினோரு பேர். மோசமான ஆட்கள் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேருக்கு வேறு கோளாறு உண்மையாகவே இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மீதிப் பேர் கிடைத்தவரை லாபம் என்று போட்டவர்கள். எழுதியது யார் என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள், அதையாவது மனப்பாடம் செய்யாமல் சொன்னார்கள். கமா.

கமாவை எனக்குத் தெரியும். எங்கள் அலுவலக வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவில், ஒரு மேஜை போடும் அகலத்தில் அவர் கடை. விண்ணப்பம், மனு, பத்திரம் எல்லாம் அடித்துக் கொடுப்பார். கமா இல்லாமல் ஒரு தாளும் அவர் கையைவிட்டுப் போகாது என்பதால் அந்தப் பெயர். படையில் எழுத்தராக இருந்தவர். துப்பாக்கியை அணிவகுப்பில் தவிர வேறெங்கும் தொட்டதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் எதிரில் போய் உட்கார்ந்து கோப்புகளை வைத்தேன்.

"இந்தப் பதினொண்ணும் நீங்க அடிச்சதா?"

ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "ஆமா மேடம்."

இப்படி எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொள்பவர்களை எனக்குப் பிடிக்காது. நமக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

"பதினோரு பேருக்கும் ஒரே வியாதி எப்படி வந்துச்சு?"

"அவங்களுக்கு என்ன எழுதுறதுன்னு தெரியலை. நான் எழுதிக் குடுத்தேன். தப்புதான்."

"இந்தச் சீப்பு, சட்டைப் பை, இதெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?"

"புத்தகத்துல படிச்சது மேடம்."

"எந்தப் புத்தகம்?"

"ஞாபகம் இல்லை."

பதினோரு பொய்யர்களைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, இதுதான் அந்த வாரத்தில் கேட்ட முதல் பொய் மாதிரி இருந்தது. மற்றவர்கள் பணம் வரவழைக்கப் பொய் சொன்னார்கள். இவர் மறைக்கப் பொய் சொன்னார். இரண்டுக்கும் வாசனை வேறு.

அப்போது ஜெராக்ஸ் கடைக்காரர் உள்ளே வந்தார். கையில் சணல் கயிறு கட்டிய வெள்ளைத்தாள் கட்டு. "உங்க பேப்பர் வந்துடுச்சு" என்றார். கமா கையை நீட்டவில்லை. நீட்டுவார் என்று கடைக்காரரும் எதிர்பார்க்கவில்லை. வந்த வேகத்திலேயே குனிந்து, கட்டைத் தரையில் வைத்து, பாக்கெட்டிலிருந்து ஒரு பிளேடை எடுத்துக் கயிற்றை அறுத்து, கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பல வருடம் செய்து பழகிய காரியம் என்று பார்த்தாலே தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் கமாவின் தலையைப் பார்த்தேன். மெஷினால் ஒட்ட வெட்டிய தலை. சீப்புக்கு வேலையே வைக்காத தலை.

குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டையும் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் ஆறு மணி வரை கடையில்தான் இருப்பார் என்பதால் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை. அவர் மனைவி தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தார். பள்ளிச் சீருடைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறவர். வாயில் ஊசி இருந்ததால் தலையசைத்தே உள்ளே கூப்பிட்டார்.

பால்கனிக் கொடியில் அவருடைய சட்டைகள் ஏழு காய்ந்தன. ஏழு சட்டையிலும் பை இருந்தது. ஏழு பையின் வாயும் வெள்ளை நூலால் நெருக்கமாகத் தைத்து மூடப்பட்டிருந்தது. பக்கத்தில் தொங்கிய நர்ஸ் சீருடையிலும் அப்படியே.

"பையெல்லாம் ஏன் தைச்சிருக்கீங்க?"

"அது ஒண்ணுமில்லக்கா." ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார். "அவரு வெளியில கிளம்பும்போது எல்லார் பையையும் ஒருவாட்டி பாப்பாரு. என்னோடது, மகளோடது, வந்தவங்களோடதுகூட. ஒரு பஸ் டிக்கெட் இருந்தாலும் எடுத்து மேஜைல வெச்சிடணும். ஒருநாள் வேலைக்கு நேரமாயிடுச்சுன்னு மக சத்தம் போட்டா. சரி, பையே இல்லாட்டி பாக்கவேண்டாமேன்னு தைச்சுட்டேன். இப்ப நிம்மதி. அவ பேனாவைக் காதுல செருகிக்கிறா."

"சீப்பு இருக்குமா வீட்டுல?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சீப்பு கேட்டு வந்த அதிகாரியை யார்தான் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

"எதிர்வீட்டுல இருக்கு. அங்க போய்தான் தலை வாரிக்குவோம், நானும் மகளும். இருபது வருஷமா. எங்க வீட்டுல கண்ணாடி இல்லைன்னு நெனச்சு அந்தம்மா ஒரு தடவை பழைய கண்ணாடி ஒண்ணைக் குடுத்தாங்க. வாங்கி வெச்சிருக்கேன்."

"இதுக்கெல்லாம் அவரு எங்க ஆபீஸ்ல விண்ணப்பம் போடலையா?"

"எதுக்கு? அவரு சண்டை போடலையேக்கா. ஆபீஸ் வேலைதானே பாத்தாரு."

படியிறங்கும்போது எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. மேலே அந்த வீட்டில் கழுத்துவரை ஆதாரம் இருக்கிறது, அவ்வளவும் தப்பான பதினோரு பெயர்களில் இருக்கிறது. நான் நாலு தடவை 'உண்மை' என்று எழுதியதும் சரிதான். ஆளைத்தான் விட்டுவிட்டேன். நாளைக்கே இந்த ஆள் தன் பெயரில் எழுதிக்கொண்டு வந்தால், கம்ப்யூட்டர் அதைப் பன்னிரண்டாவது காப்பி என்று கழித்துக் கட்டும். திங்கட்கிழமை என் அறிக்கை ஏறிவிட்டால் எழுதிக்கொண்டு வரவே முடியாது.

வெள்ளிக்கிழமை அலுவலகம் விட்டதும் நேரே அவர் கடைக்குப் போய், "எழுந்திருங்க, நான் அந்தப் பக்கம் உக்காரணும்" என்றேன்.

எழுந்து நின்றார். நான் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் விண்ணப்பதாரர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். பதினைந்து வருடத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்ததில்லை போலிருக்கிறது; ஒரு கால் ஆடுகிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்.

"உங்க வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றேன். "எதிர்வீட்டுச் சீப்பு வரைக்கும் தெரியும். ஏன் உங்க பேர்ல போடலை?"

ஒரு தாளை மடித்து, ஆடும் ஸ்டூல் காலுக்கு அடியில் செருகினார்.

"போட்டுப் பாத்தேன் மேடம். ஏழு தடவை அடிச்சேன். பதினாலாவது கட்டத்துல வந்து நின்னுடும். நான் எதையும் நேர்ல பாக்கலையே."

அவர் வேலை என்ன என்று கேட்டேன். சொன்னார். முகாமில் அவருக்கு ஒரு கூடாரம், ஒரு மேஜை. இறந்தவர்களின் உடைமைகள் அங்கே வரும். உடம்பு வராது, உடைமை மட்டும் வரும். சட்டைப் பைகளைத் துழாவி எல்லாவற்றையும் எடுத்து வைத்து, பட்டியல் அடித்து, ஒரு பெட்டியில் அடுக்கி, கயிறு கட்டி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சீப்பு எல்லாரிடமும் இருக்கும். சீப்பில் முடி இருக்கும். அதை எடுத்துவிட்டு அனுப்புவதா, அப்படியே அனுப்புவதா என்று விதியில் ஒன்றும் இல்லை.

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"மொதல்ல எடுத்துட்டேன். அப்புறம் எடுக்காம விட்டேன். எது சரின்னு இன்னும் தெரியலை."

"சரி, மத்தவங்களுக்கு ஏன் இதை எழுதிக் குடுத்தீங்க?"

"மொதல்ல ஒருத்தர் வந்தாரு. ஏதாவது எழுதுப்பான்னாரு. எனக்கு இதுதான் தெரியும், எழுதினேன். அவருக்கு உத்தரவு வந்துச்சு. கொண்டுவந்து காமிச்சாரு." மேஜைமேல் விரலால் ஒரு வரி இழுத்துக் காட்டினார். "'விண்ணப்பதாரர் கூறும் துன்பம் உண்மையானது என வாரியம் நம்புகிறது'ன்னு போட்டிருந்துச்சு. அதை நான் பத்துத் தடவை படிச்சேன் மேடம். அப்புறம் அடுத்தவர் வந்தாரு."

அந்த வாக்கியத்துக்கு அடிப்படையாக இருந்தது என் குறிப்பு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்குக் கண் கரித்தது; அதையும் சொல்லவில்லை.

இருபத்திரண்டாவது விதியைச் சொன்னேன். திங்கட்கிழமை என் அறிக்கை ஏறுவதற்கு முன் அவர் விண்ணப்பம் ஏறினால், அதை வாரியம் கேட்டே ஆகவேண்டும். ஆனால் சீப்பும் சட்டைப் பையும் மட்டும் இருந்தால் அது பன்னிரண்டாவது காப்பி. "அந்தப் பதினொண்ணுல எதுலயும் எழுதாதது ஏதாவது இருக்கா? ஒண்ணே ஒண்ணு போதும்."

அவர் எழுந்து வந்து, கீபோர்டைத் தூக்கி, அடியில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு கடிதம். மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"ஒரு நாள் ரெண்டு பேரோட சாமான் ஒண்ணா வந்துச்சு. ரெண்டு பசங்க. பட்டியல் சரியாத்தான் அடிச்சேன். அடுக்கும்போது ஒருத்தன் மூக்குக் கண்ணாடி இன்னொருத்தன் பெட்டிக்குப் போயிடுச்சு. பழுப்பு ஃபிரேம். இடது பக்கம் உடைஞ்சு நூல் சுத்தியிருந்துச்சு. கயிறு கட்டி அனுப்பிட்டேன்."

கடிதத்தைப் படித்தேன். ஒரு தாய் எழுதியது. 'பெட்டி கிடைத்தது. நன்றி. என் மகனுக்குக் கண்ணாடி கிடையாது. அங்கே போய்ப் பார்வை குறைந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவேயில்லை. நூல் சுற்றிப் போட்டிருக்கிறான், புதிது வாங்கப் பணம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். இப்போது அதை நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கும் ஓரளவு தெரிகிறது.'

"அந்த இன்னொரு பையனோட அம்மா?" என்று கேட்டேன்.

"நாலு தடவை எழுதிக் கேட்டாங்க. அவன் கண்ணாடி எங்கேன்னு. அது இல்லாம அவனுக்கு எதுவும் தெரியாது, பெட்டியில இருந்திருக்கணுமேன்னு. அதிகாரிகிட்ட சொன்னேன். விடுய்யா, இருக்குற வேலையில கண்ணாடியான்னுட்டாரு. 'பட்டியலில் கண்டபடி அனைத்தும் அனுப்பப்பட்டன'ன்னு பதில் போடச் சொன்னாரு. நாலு தடவையும் நான்தான் அடிச்சேன். அவர் கையெழுத்துப் போட்டாரு."

"இதை ஏன் அந்தப் பதினொண்ணுல ஒண்ணுலகூட எழுதலை?"

"மத்ததெல்லாம் வியாதி மேடம். யாருக்கும் வரலாம். இது நான் பண்ணினது."

நான் அடிக்க ஆரம்பித்தேன். எனக்கு இரண்டு விரல்தான் அடிக்கத் தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் தவித்தார். ஆனால் கை வைக்கவில்லை. பதினாலாவது கட்டம் வந்தது. 'நேரில் கண்ட நிகழ்ச்சி: இல்லை. செய்த தவறு:' என்று போட்டு, கண்ணாடியை எழுதினேன். அச்செடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, கண்ணை ஓட்டக்கூட இல்லை, பழக்க தோஷத்தில் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், 'எழுதிக் கொடுத்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னொரு தடவை அச்செடுத்தோம். விரலை வைத்துக் காட்டினேன், இங்கே என்று.

"கடிதத்தோட காப்பி வெச்சா போதாதா மேடம்?"

"அசல்தான் வேணும்" என்றேன். பிளாஸ்டிக் உறையோடு கொடுத்துவிட்டு, கீபோர்டை இருந்த இடத்தில் சரியாக வைத்தார்.

திங்கட்கிழமை காலை பத்து பத்துக்கு அவர் விண்ணப்பம் கவுன்டரில் பதிவானது. பத்து நாற்பதுக்கு அவர்மேல் என் அறிக்கை பதிவானது. அறிக்கையில் ஒரு வரிகூட நான் மழுப்பவில்லை. என் நாலு கோப்பையும் சேர்த்தே எழுதினேன்.

பதினொன்றரைக்கு முத்திரை கூப்பிட்டார். "என்னம்மா இது? கம்ப்யூட்டர் கத்துது. பன்னெண்டாவது காப்பி ஒண்ணு வந்திருக்கு!"

"இது காப்பி இல்லை சார். இதுதான் அசல். அந்தப் பதினொண்ணும் இதோட காப்பி."

அவர் கடிதத்தைப் படித்தார். முத்திரையைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடிதத்தின்மேல் குத்த வேண்டாம் என்று சொன்னேன். கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அலுவலக வேகத்தில் நடந்தது. எட்டுப் பேருக்குப் பணம் நின்றது. உண்மையான கோளாறு இருந்த இரண்டு பேர் சொந்தமாக எழுதிக்கொண்டு வந்தார்கள்; ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு நான் மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். கமா மற்றவர்களுக்கு விண்ணப்பம் எழுதக்கூடாது என்று தடை வந்தது, கடையில் இப்போது போட்டோவுக்குச் சட்டம் போடுகிறார்கள். அவர்மேல் விசாரணை தனியாக நடக்கிறது. அவர் விண்ணப்பத்தை வாரியம் இரண்டு முறை கேட்டது. ஐந்தாவது மாதம் உத்தரவு வந்தது.

உத்தரவை வாங்க அவர் என் அறைக்கு வந்தார். பையைத் தைத்து மூடிய வெள்ளைச் சட்டை. ஜன்னலோரம் நின்று படித்தார். முதல் பக்கத்தில் அந்த வரி இருந்தது, விண்ணப்பதாரர் கூறும் துன்பம் உண்மையானது என வாரியம் நம்புகிறது. கீழே அவர் பெயர். நான் கோப்பைப் பார்க்கிற மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துத் தடவை படிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டார். அங்கேயே நின்றார்.

"மேடம், இதுல கறுப்பு ஃபிரேம்னு இருக்கு."

"எங்கே?"

காட்டினார். 'கறுப்பு ஃபிரேம் போட்ட மூக்குக் கண்ணாடி ஒன்று.' விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் கறுப்பு. அவர் பழுப்பு என்று சொன்னது என் காதில் இப்போதும் இருக்கிறது. இரண்டு விரலால் அடித்தது நான்தான். கண் கலங்கிய நேரத்தில் அடித்தேன் என்று விதியில் விலக்கு எதுவும் இல்லை.

"திருத்திக் குடுங்க மேடம்."

"இதோ பாருங்க, திருத்தம்னா கோப்பு திரும்பவும் வாரியத்துக்குப் போகும். உத்தரவு நிக்கும். ஆறு மாசம் ஆகலாம். புது ஆளுங்க உக்காந்து, ஏன் மொதல்ல ஒரு நெறம் இப்ப ஒரு நெறம்னு கேட்டு, மொத்தமா இல்லைன்னும் சொல்லலாம். நெறத்துனால உங்களுக்கு ஒண்ணும் கொறையப்போறதில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போங்க."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா?"

"பட்டியல் தப்பா இருக்கு" என்றார். குரல் உயரவில்லை. "ஒரு தடவை தப்பா அனுப்பிட்டேன். மறுபடியும் எப்படி அனுப்புறது? அது பழுப்பு."

இருபது வருடமாக அவர் காத்திருந்த காகிதத்தை மடிக்காமல் என் மேஜையில் வைத்தார்.

அலமாரியைத் திறந்து திருத்தப் படிவத்தை எடுத்தேன். அதில் 'பிழைக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே 'தட்டச்சுப் பிழை' என்று எழுதுவதுதான் எங்கள் வழக்கம்; யாரும் பொறுப்பில்லை என்று அர்த்தம். பத்தொன்பது வருடமாக நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நான் என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, அவரிடம் திருப்பினேன்.

ஒவ்வொரு வரியாகப் படித்தார். பழுப்பு என்ற இடத்தில் விரலை வைத்து, இன்னொரு தடவை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, விண்ணப்பதாரர் என்ற இடத்தில், நான் காட்டாமலேயே, கையெழுத்துப் போட்டார்.